காவிரிப்பூம்பட்டினம்: தட்டியில் எதைப் போடலாம், எதைத் தூக்கலாம்?

பென்னையாற்றங்கரை:
வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியின் தொன்மை மன்றக் கண்காட்சிக்கு 4 அடிக்கு 3 அடியில் ஒரு பிளெக்ஸ் தட்டி தயாராகுது. தலைப்பு காவிரிப்பூம்பட்டினம், அதாவது பூம்புகார். பாடப்புத்தகம் பாதி, யூடியூப் பாதின்னு பார்த்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த வரிகள் இவை:

1. பூம்புகார் 11,000 ஆண்டுப் பழமையான நகரம்.
2. இந்திர விழா நின்றுபோனதால் ஒரே நாளில் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது.
3. கடலுக்கடியில் 23 மீட்டர் ஆழத்தில் கோட்டைச் சுவர் கிடைத்துள்ளது.
4. கீழையூர்ப் படகுத்துறை கி.மு. 316இல் கட்டப்பட்டது.
5. பட்டினப்பாலைக்குப் பரிசாகக் கரிகாலன் கொடுத்த 16 கால் மண்டபம் அங்கே இருந்தது.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எது நிற்கும், எது நிற்காதுன்னு சொல்லுங்க. "எல்லாமே தப்பு"ன்னு மட்டும் எழுதாதீங்க, ஏன்னும் சேர்த்து எழுதுங்க. பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லியாகணும்.

நடுகல்நேசன்:
முதலில் 2. சிலப்பதிகாரத்தில் புகார் மூழ்கவே இல்லை. கோவலனும் கண்ணகியும் கிளம்பும்போது ஊர் முழுசாக நிற்கிறது. கடல் கொண்ட கதை மணிமேகலையில் வருவது. நெடுமுடிக்கிள்ளிக்கும் நாக நாட்டுப் பீலிவளைக்கும் பிறந்த குழந்தை கப்பல் உடைந்ததில் காணாமல் போகிறது. அரசன் பிள்ளையைத் தேடுவதில் இந்திர விழாவை மறந்துவிடுகிறான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தில் ஊரைக் கடல் கொள்கிறது. மாதவி, சுதமதி, அறவண அடிகள் எல்லாரும் ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தார்கள்.

சிலம்பில் கடல்கோள் வருவது காடுகாண் காதையில். அது பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுக்குள் போனதைச் சொல்லும் இடம், தெற்கே பாண்டியன் எல்லை. யூடியூப்காரர்கள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, குமரிக்கண்டத்தைப் பூம்புகார் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தட்டியில் "ஒரே நாளில்" என்பதை எடுத்துவிட்டு "மணிமேகலை சொல்கிறது" என்று மாற்றினால் அந்த வரி நிற்கும். காப்பியம் சொல்கிறது என்பது உண்மைதானே. நடந்தது என்று எழுதினால்தான் வில்லங்கம்.

ஒகேனக்கல்_பரிசல்:
அப்போ 11,000 ஆண்டையும் தூக்கச் சொல்லுவீங்க போல. அதைச் சொன்னது நம்ம ஊர் வாட்ஸ்அப் மாமா இல்லீங்க. கோவாவில் இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனம் 1991இல் சோனார் வைத்துக் கண்டுபிடித்த அமைப்பு அது. இங்கிலாந்துக் கடல் மட்ட வல்லுநர் ஒருவர் கணக்குப் போட்டு, அந்த ஆழம் 11,000 ஆண்டுக்கு முன்னாடி தரையாக இருந்திருக்கும்னு சொன்னார். 2023இல் பாரதிதாசன் பல்கலைக்கழகத் தொலையுணர்வுத் துறை 15,000 ஆண்டுக்கே போயிட்டாங்க. தமிழன் பழமைன்னு சொன்னாலே சிலருக்கு ஏன் எரியுதுன்னு தெரியலை.

கணக்குப்பிள்ளை:
பரிசல் அண்ணா, யாருக்கும் எரியலை. இதில் மூன்று தனித்தனிக் கேள்வி ஒன்றாகப் பின்னிக் கிடக்கு. பிரிச்சுப் பார்ப்போம்.

அந்த அமைப்பு கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் இருக்கு. குதிரை லாட வடிவம், மொத்த நீளம் சுமார் 85 மீட்டர். இது முதல் செய்தி, இதில் சண்டை இல்லை.

இரண்டாவது, அந்த இடம் எப்போ தரையாக இருந்தது? சுமார் 20,000 ஆண்டுக்கு முன் உலகக் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. பனி உருக உருக ஏறியது. சுமார் 7,000 ஆண்டுக்கு முன் இன்றைய மட்டத்துக்குச் சில மீட்டர் அருகில் வந்து, அதன்பின் ஏற்றம் ரொம்ப மெதுவாயிடுச்சு. ஆக 23 மீட்டர் ஆழத்தில் இருக்கும் தரை 7,000 ஆண்டுக்கும் வெகு முன்னாடியே நனைஞ்சாச்சு. 9,000 என்பதா 11,000 என்பதா என்பது எந்தக் கணக்கு மாதிரியை எடுக்கிறோம், அந்தக் கரை எவ்வளவு தாழ்ந்தது அல்லது உயர்ந்தது என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவதுதான் முக்கியம். அது மனுசன் கட்டினதா? ஆழம் இதற்குப் பதில் சொல்லாது. தரை எப்போ நனைஞ்சதுன்னு மட்டும்தான் சொல்லும். ஒரு பாறைக்கு 11,000 ஆண்டு ஆச்சுன்னா அது 11,000 ஆண்டுப் பாறை. நகரம்னு சொல்ல அதே இடத்திலிருந்து ஓடு, கரி, எலும்பு, செங்கல் ஏதாவது வரணும்.

இப்போ வரி 1ஐப் பாருங்க. வல்லுநர் சொன்னது "அந்த ஆழம் தரையாக இருந்த காலம்". தட்டியில் வந்தது "நகரத்தின் வயசு". நடுவில் ஒரு படி காணாமப் போச்சு.

பாரமகால்:
சோனார் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாட்டுச் சோனாரில் வருவது போட்டோ இல்லை. படகுக்குப் பின்னாலே கயிற்றில் இழுத்துப்போகும் கருவி ஒலியை அடிக்கிறது, கடலடியில் பட்டுத் திரும்புவது கருப்பு வெள்ளைப் பட்டையாக விழுகிறது. மேடாக இருக்கிற எதற்கும் பின்னால் நிழல் விழும். அந்த நிழலின் நீளத்தை வைத்து மேட்டின் உயரத்தைக் கணக்கிடலாம். படகின் வேகம் கூடக் குறைய இருந்தாலோ, இழுக்கும் கருவி ஆடினாலோ வளைந்தது நேராகவும் நேரானது வளைந்தும் தெரியும். அதனால் ஒரே இடத்தை வேறு வேறு திசையிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாத் திசையிலும் அதே வடிவம் வந்தால்தான் மேற்கொண்டு பேசலாம்.

அப்புறமும் முக்குளிப்பவர் இறங்கித் தொட்டுப் பார்த்தாகணும். அங்கே ஆற்று வண்டல் கலங்கி நீரில் பார்வை குறைவு. கல்லின் மேல் கடல்வாழ் உயிரினம் படர்ந்து மூடியிருக்கும். அதைச் சுரண்டி, இரண்டு கல்லுக்கு நடுவில் இணைப்பு இருக்கா, உளி பட்ட முகம் இருக்கா, கீழே மண் அடுக்கில் ஓடு இருக்கா என்று பார்ப்பதுதான் வேலை. வடிவம் ஒழுங்காக இருப்பது சாட்சி இல்லை. கடலடி மணற்பாறை பிளவு வழியே சதுரமாகவும் நேர்கோடாகவும் உடைவது சகஜம்.

2023 அறிவிப்பு இன்னும் ஒரு படி தள்ளி. 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில், கரையிலிருந்து 30, 40 கிலோமீட்டர் தள்ளி, கடலடி வரைபடத்தில் தெரியும் வடிவங்களைத் துறைமுகம் என்று வாசிக்கிறார்கள். வடிவத்துக்கு மேலே பொருள் வரும்வரை அது ஒரு கருதுகோள். கருதுகோள் என்பது கெட்ட வார்த்தை இல்லை, ஆனால் ஏழாம் வகுப்புத் தட்டியில் அது முடிவாக உட்காரக் கூடாது.

கடலுக்குள் கிடைப்பது எல்லாம் சங்க காலம் என்ற நினைப்புக்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. பூம்புகாருக்கு எதிரே கடலில் உடைந்த கப்பல் ஒன்றில் ஈயப் பாளங்கள் கிடைத்தன. மேலே பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. அதாவது கப்பல் மூழ்கியது திப்புவுக்கும் கும்பினிக்கும் (கிழக்கிந்தியக் கம்பெனி) நம்ம ஊரில் சண்டை நடந்த காலத்தை ஒட்டி.

மாந்தோப்பு:
குறுக்கே ஒரு சந்தேகம். எங்க பக்கத்துப் பிள்ளைங்க பாதிப்பேர் காவேரிப்பட்டணமும் காவிரிப்பூம்பட்டினமும் ஒண்ணுன்னு நினைக்குதுங்க. தேடினா ரெண்டும் கலந்து வருது. தட்டியில் அதுக்கு ஒரு வரி வேணாமா?

பாரமகால்:
கட்டாயம் வேணும், அதுவும் அந்த ஊர்ப் பக்கமே வைக்கிற தட்டி என்பதால். நம்ம காவேரிப்பட்டணம் தென்பெண்ணைக் கரையில் இருக்கு, காவிரியிலேயே இல்லை. காவிரி நம்ம பக்கம் தொடுவது பிலிகுண்டு, ஒகேனக்கல். பூம்புகார் இருப்பது மயிலாடுதுறை மாவட்டம், ஆறு கடலில் சேரும் இடம். கும்பினி ஆவணங்களில் 1767இல் ஐதர் அலி மீட்டுக்கொண்ட காவேரிப்பட்டணம் கோட்டை என்று வருவது நம்ம ஊர். அதை எடுத்துப் பூம்புகார் வரலாற்றில் சேர்த்தவர்களும் உண்டு. மேட்டூர்ப் பக்கக் காவேரிபுரம், இராணிப்பேட்டைப் பக்கக் காவேரிப்பாக்கம் இதெல்லாம் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆவணத்தில் பெயரைப் பார்த்தால், பக்கத்தில் என்ன ஊர், என்ன ஆறு வருது என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை கூட வந்தால் நம்ம ஊர். தரங்கம்பாடி, நாகப்பட்டினம் கூட வந்தால் அந்த ஊர்.

ஒகேனக்கல்_பரிசல்:
சரி, கல்லு விஷயத்தில் பொறுத்திருக்கலாம்னு வெச்சுக்குவோம். ஆனா கடல்கோள் நடக்கவே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? 2004இல் அதே கரையில் சுனாமி வந்ததை எல்லாரும் பார்த்தோமே. மணிமேகலை ஆசிரியர் சும்மாவா எழுதியிருப்பார்?

நடுகல்நேசன்:
நடக்கவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரே நாளில் ஊரே இல்லாமல் போச்சு என்பதுதான் நிற்காது. காரணம் ரொம்ப எளிமை: அதுக்கப்புறமும் அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்ததத்தர் என்ற தமிழ்த் துறவி காவிரிப்பூம்பட்டினத்துப் பௌத்த விகாரையில் தங்கிப் பாலியில் நூல் எழுதினார். ஊரின் சிறப்பையும் அதிலேயே சொல்கிறார். தொல்லியல் துறை அந்த ஊர்ப் பல்லவனீச்சரம் கோயில் பக்கம் தோண்டிய செங்கல் விகாரையும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்த பாதமும் சிறிய வெண்கலப் புத்தரும் கிடைத்தன. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பல்லவனீச்சரத்தைப் பாடுகிறார். அங்கேயே உள்ள சாய்க்காட்டுக் கோயிலைச் சம்பந்தரும் பாடுகிறார், அப்பரும் பாடுகிறார். இயற்பகை நாயனார் ஊர் காவிரிப்பூம்பட்டினம். பட்டினத்தார் ஊரும் அதுதான். கடலுக்குள் போன ஊரில் தேவாரம் பாட முடியுமா?

துறைமுகம் படுத்தது வேறு, ஊர் படுத்தது வேறு. துறைமுகம் முதலில் படுத்தது, ஊர் மெல்லச் சுருங்கியது.

கணக்குப்பிள்ளை:
சுனாமி பற்றி. 2004இல் தண்ணீர் ஏறியது, சில மணி நேரத்தில் இறங்கியது. ஊரைச் சிதைக்கும், ஆளைக் கொல்லும், ஆனா கடல் அங்கேயே தங்காது. ஊர் நிரந்தரமாகக் கடலுக்குள் போகக் கரை அரிக்கணும் அல்லது தரை தாழணும்.

பழைய சுனாமியைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. கரைக்கு உள்ளே தாழ்வான, தண்ணீர் அசையாத இடத்தில் குழாய் இறக்கி மண் உருளை எடுப்பாங்க. கருப்புச் சேற்றுக்கு நடுவே திடீர்னு கடல் மணல் அடுக்கு ஒன்று வரும். அதன் அடிப்பக்கம் கீழே இருந்த சேற்றை வெட்டிக்கிட்டுப் போன மாதிரி கூர்மையாக இருக்கும். மணலுக்குள் கடலில் மட்டுமே வாழும் நுண்ணுயிர் ஓடுகள் இருக்கணும். மேலேயும் கீழேயும் இருக்கும் சேற்றுக்குக் கரிமக் காலக்கணிப்பு (கரிமத்தின் கதிரியக்கத்தை எண்ணி வயசு சொல்வது) செய்தால் நடுவில் உள்ள மணலுக்குக் காலம் கிடைக்கும். வம்பு என்னன்னா, பெரும் புயலும் கிட்டத்தட்ட இதே மாதிரி மணலைத்தான் போட்டுட்டுப் போகும். வங்காள விரிகுடாவில் புயலுக்குப் பஞ்சமா? அதனால் ஒரே ஒரு குழாயில் வந்த மணலை வைத்து யாரும் முடிவு சொல்லமாட்டாங்க. கரை நெடுக அதே அடுக்கு, அதே காலத்தில் வரணும்.

அரிப்புக்கு நேரடிச் சாட்சி வேணும்னா தரங்கம்பாடி மாசிலாமணி நாதர் கோயிலைப் பாருங்க. 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். கட்டினபோது கடல் இன்னும் தள்ளியே இருந்திருக்கும். இன்றைக்கு முன்பகுதி போய்விட்டது. சாபமும் இல்லை, ஒரே நாளும் இல்லை, கரை வருசா வருசம் கரைஞ்சது.

சும்மா ஒரு கணக்கு: 5 கிலோமீட்டருக்கு 23 மீட்டர் இறக்கம்னா சராசரியாக 217 மீட்டருக்கு 1 மீட்டர். கரையோரம் சரிவு வேறு மாதிரி இருக்கும், ஆனாலும் அந்தக் கடலடி எவ்வளவு தட்டைன்னு புரியும். சங்க காலத்துக் கட்டுமானத்தைத் தேடணும்னா 23 மீட்டரில் தேடக் கூடாது. கரையை ஒட்டி அலை அடிக்கிற பகுதியிலும் சில மீட்டர் ஆழத்திலும் தேடணும். பூம்புகார், வானகிரிப் பக்கம் செங்கல் சுவரும் உறைகிணறும் கிடைத்தது அங்கேதான்.

மாந்தோப்பு:
அப்போ 3ஆம் வரி?

பாரமகால்:
"கோட்டைச் சுவர்" போகணும். "குதிரை லாட வடிவ அமைப்பு ஒன்று 23 மீட்டர் ஆழத்தில் உள்ளது, அது மனிதர் கட்டியதா என்பது முடிவாகவில்லை" என்று போடலாம். இந்த வரியை எழுதினால் பிள்ளைகள் கேள்வி கேட்கும். அதுதானே கண்காட்சிக்கு வேணும்.

ஒகேனக்கல்_பரிசல்:
"முடிவாகவில்லை"ன்னு போட்டதுக்கு நன்றி. "இல்லை"ன்னு போட்டிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். நம்ம பக்கத்துலயே பாருங்க, அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யாருன்னு எத்தனை காலம் அடிச்சுக்கிட்டாங்க. துளு நாடு, கோசர், சத்தியமங்கலம்னு ஆளுக்கொரு பக்கம். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கல்வெட்டு கிடைச்சதும் அதியன் நெடுமான் அஞ்சின்னு ஆயிடுச்சு. நாளைக்குப் பூம்புகாரிலும் ஒரு கல் வரலாம்.

நடுகல்நேசன்:
நல்ல உதாரணம்தான், ஆனால் அது உங்களுக்கு எதிராகவும் பேசுமே! ஜம்பை வந்ததும் "சதியபுதோ" (சத்தியபுத்திரர்) யார் குடி என்பது தீர்ந்தது. அஞ்சி எந்த நூற்றாண்டு என்பது தீரவில்லை. எழுத்தமைதியை வைத்து அசோகருக்குப் பக்கத்தில் வைப்பவரும் உண்டு, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் மாதிரி கி.பி. முதல் நூற்றாண்டுக்குக் கொண்டுவருபவரும் உண்டு. கல் வந்தாலும் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்க்கத்தான் வேணும். அதியமான் கோட்டையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், அது வேறு விஷயம்.

5ஆம் வரிக்கு வருகிறேன். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குப் பதினாறு நூறாயிரம் பொன் பரிசு என்று சொல்வது கலிங்கத்துப்பரணி. அது 12ஆம் நூற்றாண்டு நூல், கரிகாலனுக்கு ஆயிரம் ஆண்டு பின்னாடி. 16 கால் மண்டபம் வருவது திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டில். 13ஆம் நூற்றாண்டில் சுந்தர பாண்டியன் சோழ நாட்டை அழித்தபோது அந்த 16 தூணை மட்டும் விட்டான் என்கிறது. மண்டபம் எந்த ஊரில் நின்றது என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. ஆகவே "அங்கே இருந்தது" என்று எழுத முடியாது. "13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இப்படி ஒரு மண்டபத்தைச் சொல்கிறது" என்று எழுதலாம். எனக்கு இந்த ஐந்தில் பிடித்த வரி இதுதான். எதிரி நாட்டை இடித்தவன் ஒரு பாட்டுக்காகத் தூணை விட்டான் என்று அவன் ஆட்களே பெருமையாகக் கல்லில் வெட்டுகிறார்கள். கதை உண்மையோ இல்லையோ, 13ஆம் நூற்றாண்டில் பட்டினப்பாலைக்கு என்ன மதிப்பு என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

பென்னையாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. 4ஆம் வரி மட்டும் பாக்கி. கி.மு. 316ன்னு ஒரு வருசம் தெளிவாக இருக்கே, அதையாவது விடலாமா? படத்துக்குப் பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கு.

கணக்குப்பிள்ளை:
அந்த வருசத்தை அப்படியே விடக் கூடாது. 1960களில் தொல்லியல் துறை கீழையூரில் செங்கல் மேடையும் அதை ஒட்டி மரக் கம்பங்களும் எடுத்தாங்க. படகு கட்டும் துறைன்னு வாசிச்சாங்க. கம்பத்துக்குக் கரிமக் காலக்கணிப்பு செய்ததில் வந்தது கி.மு. 316 ± 103. அந்த ± 103ஐ வெட்டினதுதான் தப்பு. கூட்டிக் கழிச்சா கி.மு. 419 முதல் 213 வரை. உண்மைக் காலம் அதுக்குள் விழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புதான். 100க்கு 95 வேணும்னா இரட்டிப்பாக்கணும்: 522 முதல் 110 வரை.

இன்னும் இரண்டு சிக்கல். அந்தக் காலத்து ஆய்வக எண்கள் மரவளையத் திருத்தம் (வயசு தெரிந்த மரவளையங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது) செய்யாதவை. இப்போ வரும் மயிலாடும்பாறை அகழாய்வு (கிருஷ்ணகிரி மாவட்டம்) கி.மு. 2172 மாதிரி எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடணும்னா முதலில் திருத்தணும். அடுத்தது, கரிமம் சொல்வது மரம் வளர்ந்த காலம், கம்பம் நட்ட காலம் இல்லை. பழைய மரத்தைக் கழற்றித் திரும்ப நடுவது துறையில் சாதாரணம். தட்டியில் "கம்ப மரத்தின் காலம் ஏறக்குறைய கி.மு. 4-3ஆம் நூற்றாண்டு" போதும். இந்த ஒரு வரி அந்த 11,000ஐவிட எனக்குப் பெரிசு, ஏன்னா கையில் மரம் இருக்கு.

பாரமகால்:
போட்டோ: அந்த ஏழுநிலைக் கலைக்கூடம் 1973இல் கட்டியது. அடியில் ஆண்டு போடாமல் விட்டால் பார்க்கிறவன் கரிகாலன் மாளிகைன்னு நினைச்சுட்டுப் போவான். வாட்ஸ்அப்பில் வந்தது சுருங்கின படம், 4 அடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். எடுத்தவரிடம் மூலக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்க. 48 அங்குல அகலத்துக்கு அங்குலத்துக்கு 100 புள்ளி வைத்தாலும் 4,800 புள்ளி வேணும். இல்லேன்னா தட்டியில் கால்வாசிக்கு மட்டும் படம் போடுங்க.

மாந்தோப்பு:
ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு ± எப்படிச் சொல்றது?

கணக்குப்பிள்ளை:
காசு சுண்டச் சொல்லுங்க. பத்துப் பிள்ளைக்கு ஆளுக்கு 100 தரம் சுண்டல், பூ எத்தனைன்னு எழுதணும். 46, 53, 49, 57ன்னு வரும். 50ஐச் சுற்றித்தான் நிற்கும், ஆனா எல்லாருக்கும் 50 வராது. கரிமத்திலும் அதே மாதிரி அணு சிதைவதை எண்ணுறாங்க, எண்ணிக்கை ஆடும். அந்த ஆட்டத்தின் அளவுதான் ±. கூடுதல் நேரம் எண்ணினா மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட ஆட்டம் குறையும். நாலு மடங்கு எண்ணினால் பாதியாகும். ஆயிரத்தையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்க, பூ பாதிக்கு எவ்வளவு பக்கம் வருதுன்னு அதுங்களே கண்டுபிடிச்சுக்கும்.